ஆண்ரத்தப்பூ

எக்ஹுல்ட், 19 செப்டம்பர் 2004

குன்னெலுக்கு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது எனக்கு ஒருவழியாக உறைத்துவிட்டது. "எழுதினால் படிப்பேன், பேசினால் கேட்க மாட்டேன்" என்று கார்டில் போட்டிருந்தாய். சரி, எழுதுகிறேன். சாலைத் துறையில் சேர்ந்ததிலிருந்து நான் எழுதியதெல்லாம் "புல் வெட்டியாச்சு", "பனி அள்ளியாச்சு" இவ்வளவுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உனக்கு ரத்தப் புற்றுநோய் என்பதை நான் ஊரில் சொல்லியிருக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பாதிரியாரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் உன் பெயரைச் சத்தமாகச் சொல்வார் என்று நான் கண்டேனா? கடையில் பிரிட்டாவிடம் சொன்னது வேறு. அவள் கேட்டாள், சொன்னேன். உன்கூடப் படித்த யெர்டா சாவு வீட்டுக்கு அனுப்பும் வெள்ளை லில்லிப் பூவை உனக்கு அனுப்பியதற்கும் நானா பொறுப்பு? அவளைப் பிடித்துக் கேட்டேன். "இருக்கும்போதே அனுப்பினா அவளும் பாப்பாள்ல" என்கிறாள்.

மரம் ஏற்றிக்கொண்டு உங்கள் துறைமுகத்துக்கு வரும் லாரிக்காரனிடம் ஒரு பாட்டில் கொடுத்து அனுப்புகிறேன். ஆண்ரத்தப்பூ ஸ்னாப்ஸ். ஜூலையில் சாலையோரப் புல்லை வெட்டும் முன்பே மொட்டாகப் பறித்துச் சாராயத்தில் ஊறப்போட்டேன். நசுக்கினால் விரல் சிவக்குமே, நம்முடைய அதே மஞ்சள் பூதான். இந்த வருடம் நிறம் நன்றாக இறங்கியிருக்கிறது. ரத்தம் கெட்டவளுக்கு ரத்த நிறத்திலேயே ஒன்று, நம் அப்பா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு சின்னக் கிளாஸ். கோபத்தில் கொட்டிவிடாதே. அது பாவம்.

ரூனே


கோத்தன்பர்க், 2 அக்டோபர்

ரூனே,

மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் முக்கால்வாசி வக்கீல் வாதம். இருந்தாலும் பாட்டில் வந்து சேர்ந்தது.

விவரம் தெரியாமல் ஊரைக் கூட்டினாய் பார், அதுதான் எனக்கு ஆத்திரம். இனியாவது தெரிந்துகொள். இரண்டு வருடம் முன்பு டிராம் ஓட்டும் இருக்கையில் என்னால் சரியாக உட்கார முடியவில்லை. இடது விலாவுக்குக் கீழே அடைத்துக்கொண்டு நின்றது. தொப்பை போட்டுவிட்டது என்று நினைத்து ரொட்டியைக் குறைத்தேன். அது மண்ணீரல். வெள்ளை அணுக்கள் கணக்கில்லாமல் பெருகி அங்கே போய் அடைந்திருந்தன. இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்கள். ஊசி வலிக்கவில்லை, அந்த உறிஞ்சல்தான் இன்னும் உடம்பில் நிற்கிறது.

டாக்டர் ஹெலேனா படம் போட்டுக் காட்டினார். இரண்டு குரோமோசோம்கள் வாலை மாற்றி ஒட்டிக்கொண்டு விட்டனவாம். இரண்டு டிராம்கள் பின்பெட்டியை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன என்று நான் புரிந்துகொண்டேன். அந்தத் தப்புப் பெட்டி "பெருகு, பெருகு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் சாப்பிடும் மாத்திரை அதன் வாயை அடைக்கிறது. உன் வாய்க்கும் ஒன்று கண்டுபிடித்தால் தேவலை.

மாத்திரை வேலை செய்யும்வரை எனக்கு ஒன்றுமில்லை. கண் வீங்குகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, டிராம் ஓட்ட விடவில்லை, தொலைந்த பொருள் அலுவலகத்தில் உட்கார்த்திவிட்டார்கள். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, தப்புப் பெட்டிகள் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று ஒரு எண் சொல்கிறார்கள். எண் இறங்கியே இருந்தால் பிழைத்தேன். ஏறினால் மாத்திரை கைவிட்டது என்று அர்த்தம். ரத்தம் கொடுத்த நாளிலிருந்து எண் வரும்வரை நான் தூங்குவதில்லை. படுக்கையில் உட்கார்ந்து விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ரூனே. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

"சாப்பாட்டோட சின்னதா ஒரு கிளாஸ் ஸ்னாப்ஸ் எடுத்துக்கலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "சின்னதுன்னா சின்னதாவே இருக்கணும்" என்று சிரித்தார். ஆகவே உன் பாட்டிலைத் திறந்துவிட்டேன். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே.

குன்னெல்


கோத்தன்பர்க், 14 டிசம்பர்

அண்ணா,

பாட்டில் தீர்ந்தது. இன்னும் இருக்கிறதா? கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நவம்பரிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டேன். போன வாரம் ரத்தம் கொடுத்துவிட்டு நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு சிவப்புக் கோட்டு வாங்கினேன். நானா என்று எனக்கே சந்தேகம். அலுவலகத்தில் ஆன்டெர்ஸ்கூடக் கேட்டான்: "என்ன குன்னெல், யாரையாவது பிடிச்சிட்டியா?"

எண் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். "சில சமயம் சோதனைக்கூடத்துலயே இவ்வளவு வித்தியாசம் வரும், அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார் ஹெலேனா. முன்பென்றால் இதைக் கேட்டு நான் செத்திருப்பேன். இப்போது வீட்டுக்கு வந்து ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். வயதாக ஆகத் தைரியம் வரும் என்பார்களே, அது எனக்கு வந்துவிட்டதுபோலிருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு நீ என்ன செய்கிறாய்? இங்கே வா என்று சொல்லவில்லை. சும்மா கேட்டேன்.

குன்னெல்


எக்ஹுல்ட், 20 ஜனவரி 2005

குன்னெல்,

புயல் செய்தி பார்த்திருப்பாய். காடே படுத்துவிட்டது. நம் வீட்டுக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை, போன் கம்பிதான் பள்ளத்தில் கிடக்கிறது, எப்போது கட்டுவார்கள் என்று தெரியாது. இப்போது நானே பேச நினைத்தாலும் பேச முடியாது, உனக்குச் சந்தோஷம்தானே. நாள் முழுக்கச் சாலையில் விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

மின்சாரம் இல்லாத வீட்டில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "அண்ணா" என்று போட்டிருந்தாய். எத்தனை வருடமாயிற்று. நீ தூங்குகிறாய் என்று தெரிந்ததும் எனக்கும் அன்று தூக்கம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு பாட்டில் அனுப்பினேன், இப்போது லாரிக்காரனிடம் இன்னும் இரண்டு கொடுத்திருக்கிறேன். என் பங்கையும் சேர்த்துத்தான். உனக்கு நல்லது செய்கிறது என்றால் எனக்கு எதற்கு?

ரூனே


கோத்தன்பர்க், 22 பிப்ரவரி

ரூனே,

எண் ஏறிவிட்டது. கொஞ்சம் இல்லை. பத்து மடங்கு.

ஹெலேனா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க, கேட்டே ஆகணும். மாத்திரையை விட்டுட்டீங்களா?" என்றார். ஒரு நாள்கூட விட்டதில்லை என்றேன். "வேற ஏதாவது மருந்து?" இல்லை. "மூலிகைக் கடையில விக்கிற சாமான், யோஹன்னஸ் மூலிகை அந்த மாதிரி?" மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன், அதை மாத்திரையோடு சேர்க்கக் கூடாது என்று போட்டிருக்கும். "நான் அந்தக் கடைப் பக்கமே போறதில்ல" என்றேன். அவர் முகம் இன்னும் வாடிவிட்டது. நான் தப்புச் செய்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தப்பு இல்லை என்றால் நோய்தான் மாறிவிட்டது, மாத்திரைக்குப் பிடிபடாத உருவம் எடுத்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படித்தானா என்று பார்க்க ரத்தத்தை வேறு சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். அப்படித்தான் என்றால் மிச்சம் இருப்பது ஒரே வழி. என் மஜ்ஜையை முழுக்க அழித்துவிட்டு வேறொருவருடையதை ஏற்றுவது. ஐந்து பேருக்கு ஏற்றினால் ஒருவர் அதிலேயே போய்விடுகிறார் என்று கேட்டபிறகுதான் சொன்னார். கேட்காமல் இருந்திருக்கலாம்.

உடன்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் நல்லதாம். எனக்கு இருப்பது நீ ஒருவன். உங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தால் போதும், அவர்கள் இங்கே அனுப்புவார்கள். இதை உன்னிடம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால் எனக்குப் பயமே வரவில்லை. வரவேண்டும் என்று தெரிகிறது. வரமாட்டேன் என்கிறது.

குன்னெல்


எக்ஹுல்ட், 3 மார்ச்

குன்னெல்,

குடிக்காதே. முதலில் அதைப் படி. அந்தப் பாட்டிலைத் தொடாதே. ஆன்டெர்ஸ் சொல்லியிருப்பான், இருந்தாலும் என் கையால் எழுதினால்தான் எனக்கு அடங்கும்.

இன்று காலை ரத்தம் கொடுக்கப் போனேன். ஊசி போட்ட நர்ஸ் சின்னப் பெண். என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறேன் என்று கேட்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்று உனக்குத் தெரியும். "மருந்து மாத்திரை ஒண்ணும் கெடையாதும்மா. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு ஆண்ரத்தப்பூ, அவ்வளவுதான். அதையும் இப்ப தங்கச்சிக்கு அனுப்பிட்டேன், அவளுக்கு ரத்தத்துல வியாதி, அது உள்ள போனதுல இருந்து நல்லா தூங்குறா" என்றேன். உன் கதை முழுவதும் சொன்னேன். மன்னித்துக்கொள்.

எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்திவிட்டாள். "ஆண்ரத்தப்பூன்னா எது?" என்றாள். நகரத்துப் பெண். மஞ்சள் பூ, சாலையோரத்தில் நிற்கும், இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிக்குத்து மாதிரி பொட்டுப்பொட்டாகத் தெரியும், மொட்டை நசுக்கினால் சிவப்பு என்றேன். "ஐயா, அது யோஹன்னஸ் மூலிகை" என்றாள்.

ஒரே செடி, குன்னெல். நாம் ஒரு பெயர் சொல்கிறோம், அவர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள். அது உள்ளே போனால் ஈரல் முறுக்கேறி, மாத்திரையை வேலை செய்யவிடாமல் கழுவி வெளியே தள்ளிவிடுமாம். நீ ஒழுங்காக மாத்திரை போட்டாய். நான் பாட்டில் பாட்டிலாக அனுப்பி அதைக் கழுவிவிட்டேன்.

அங்கிருந்தே உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஆன்டெர்ஸ் எடுத்தான். "குன்னெல்கிட்ட சொல்லுங்க, அவ அண்ணன் குடுத்தது விஷம், குடிக்கக் கூடாது" என்று கத்தினேன். "சார், என்ன பொருள் தொலைஞ்சது, குடையா?" என்று கேட்டான். அப்புறம் அழுதேன் போலிருக்கிறது. நர்ஸ்தான் போனை வாங்கிப் பேசினாள்.

உனக்கு ஏதாவது ஆனால் அதைச் செய்தவன் நான்தான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

ரூனே


கோத்தன்பர்க், 10 மார்ச்

ரூனே,

மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். வெள்ளைத் தொட்டியில் அது போன விதத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

ஹெலேனாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "நீங்க ஸ்னாப்ஸ்னு கேட்டப்போ, என்ன ஸ்னாப்ஸ்னு நான் கேக்கல" என்றார். ஸ்னாப்ஸ் மருந்தென்று யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை.

இப்போது இரண்டில் ஒன்று. மாத்திரை கழுவிப் போனதுதான் காரணம் என்றால் எண் தானாக இறங்கும். அல்லது, மாத்திரை குறைந்திருந்த இத்தனை மாதத்தில் நோய் உண்மையிலேயே உருமாறியிருக்கலாம். அப்படியானால் பூவை நிறுத்தியும் பயனில்லை. மே மாதம் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். அந்த மூலிகையை மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் சாப்பிடுகிறார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னவோ எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே. தைரியமாக இருந்தது பாட்டில்தான். கிறிஸ்துமஸிலிருந்து நான் இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன், சில நாள் மூன்று. உன்னிடம் சொல்லவில்லை. ஆகவே எல்லாவற்றையும் நீயே தூக்கிச் சுமக்காதே. பாதி என் கை.

நாலு நாளாகப் பயம் திரும்ப வந்துவிட்டது. விட்ட இடத்தில் அப்படியே காத்திருந்திருக்கிறது. விலாவுக்குக் கீழே மறுபடியும் அழுத்திப் பார்க்கிறேன். நேற்று ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. எலும்பாகத்தான் இருக்கும். எலும்பாகத்தானே இருக்கும்?

நீ வரவேண்டாம். இந்த நிலையில் என்னை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

குன்னெல்


எக்ஹுல்ட், 11 ஏப்ரல்

குன்னெல்,

உனக்கும் சொல்லியிருப்பார்கள். என் மஜ்ஜை உனக்குப் பொருந்தாது.

நாலில் ஒரு பங்குதான் பொருந்த வாய்ப்பு, இதில் யாருடைய தவறும் இல்லை என்று அந்த நர்ஸ் பெண் சொன்னாள். எனக்கு அது உறைக்கவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே மேஜையில் சாப்பிட்டோம். உனக்குக் கெடுதல் கொடுக்க மட்டும் என் கை எட்டியது, நல்லது கொடுக்க எட்டவில்லை.

காட்டில் வேலை முடியவில்லை. தினமும் போகிறேன், அறுக்கிறேன், வருகிறேன். கடையில் பிரிட்டா, "குன்னெல் எப்படி இருக்கா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் காப்பிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவள் பயந்துபோய்ப் பின்னாலேயே கார் வரைக்கும் வந்தாள்.

மே மாதம் என்ன தெரிந்தாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ரூனே


கோத்தன்பர்க், 19 மே

அண்ணா,

முதலில் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். இறங்கியிருக்கிறது. டிசம்பரில் இருந்த இடத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த இன்னொரு சோதனையிலும் உருமாற்றம் எதுவும் தட்டுப்படவில்லை. மாத்திரை மறுபடியும் பிடிக்கிறது. வேறொருவர் மஜ்ஜை இப்போதைக்கு வேண்டாம்.

நீ இதைப் படித்துவிட்டு எங்கேயாவது உட்கார்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் உட்கார்.

ஹெலேனா நேற்று கதவைச் சாத்தவில்லை. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நான் சந்தோஷப்படுவேன் என்று அவர் எதிர்பார்த்தார் போலிருக்கிறது, என்னால் முடியவில்லை. தட்டுப்படவில்லை என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமா என்று கேட்டேன். "தட்டுப்படலைன்னுதான் என்னால சொல்ல முடியும்" என்றார். நேர்மையான பெண். அதனால்தான் அவரிடம் போவதற்கே எனக்குப் பயம். ஆகஸ்டில் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும், அப்புறம் நவம்பரில், அப்புறம் நான் இருக்கும்வரை. இந்தப் பயம் தீரப்போவதில்லை, ரூனே. பூ இல்லாமல்தான் இதோடு நான் இருந்தாக வேண்டும். நேற்று ராத்திரி மாத்திரையை எடுத்தபோது டம்ளர் தண்ணீர் மேஜையெல்லாம் சிந்திவிட்டது. துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து விழுங்கினேன்.

கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "தூக்கத்துக்கும் இந்தப் படபடப்புக்கும் ஏதாவது எழுதித் தரட்டுமா? மாத்திரையோட சண்டை போடாததா பாத்துத் தரேன்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வேணாம் டாக்டர். எங்க அண்ணன் வரான். ஆகஸ்டு வரைக்கும் என்கூடத்தான் இருப்பான்."

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். உனக்குக் காட்டில் வேலை இருக்கும், தெரியும். ஆனால் அந்த டாக்டரிடம் ஒருமுறை எனக்கே தெரியாமல் பொய் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை பொய் சொன்னவளாக என்னை ஆக்கிவிடாதே.

குன்னெல்